மீன்பாடி வண்டிக்கு ஓர் அழகியல்

ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்பார்கள்: அந்தக் கார் தண்ணீர் குடிக்கும் இடம். ராஞ்சிப் பக்கத்து மலைச்சாலைகளில் டாக்ஸி ஓட்டும் பிமல், தன்னுடைய 1920ஆம் வருஷத்து செவர்லேயின் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறான். ஒலியில் யாரோ தாகத்தோடு மடக் மடக்கென்று குடிப்பது கேட்கிறது. இன்னோர் இடத்தில் ஹெட்லைட் கண்ணைப் போலத் திரும்புகிறது. காருக்குப் பெயர் ஜகத்தல். வங்காளத்தில் அசைக்கவே முடியாத பாரம் என்று அர்த்தம். பிமலுக்கு வீடு, மனைவி, மக்கள் எல்லாம் அந்த ஜகத்தல்தான். ஊர் சிரிக்கிறது. சேமிப்பையெல்லாம் கொட்டிப் புதுப் பாகங்கள் வாங்கிப் போட்டும் வண்டி படுத்துவிடுகிறது. காயலான் கடைக்காரன் வந்து பிரித்து எடுத்துப் போகிறான். கழன்று கிடக்கும் ஹாரனை ஒரு குழந்தை அமுக்கி விளையாடுகிறது. பிமல் கண்ணீரோடு சிரிக்கிறான்.

பெரிய படம்தான், சந்தேகமில்லை. சுபோத் கோஷின் சிறுகதையிலிருந்து எடுத்தது. 'இயந்திரமல்லாதது' என்று தலைப்பை வைத்துக்கொண்டு, இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறது என்று நம்மை நம்பவைத்துவிடுகிறது. என் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்டிக்கு உயிர் கொடுத்த மறுகணமே அதைப் பொருத்திய கை மறைந்துவிடுகிறது. 1920இல் செய்த கார் 1958இல் ஓடுகிறது என்றால், சாதாரணக் கணக்குப் போட்டாலே அதில் பாதிக்கு மேல் செவர்லே இல்லை என்று தெரியும். பிஸ்டன் ரிங் எதிலிருந்து வந்தது? தேய்ந்த பேரிங்குக்குப் பதிலாக எதைக் கடைந்து போட்டார்கள்? எந்த லேத்தில்? படத்துக்கு இந்தக் கேள்விகளில் அக்கறை இல்லை. அதன் அக்கறையெல்லாம் ஒருவன் ஒரு பொருளை எவ்வளவு தூரம் நேசிக்கலாம் என்பதில்.

நம் ஊரில் இதுவே 'படிக்காதவன்' (1985). ரஜினியின் டாக்ஸிக்கு லட்சுமி என்று பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஸ்டார்ட் ஆகும், கோபித்துக்கொண்டால் நின்றுவிடும். கட்டக்கிடம் துயரமாக இருந்தது இங்கே காமெடியாகவும் செண்டிமெண்டாகவும் ஆகிறது. ஆனால் இரண்டிலும் ஓட்டை வண்டி ஓடுவதற்குக் காரணம் பாசம்தான். ஓட்டை வண்டி பாசத்தால் ஓடாது. யாராவது கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டில் அடைத்திருக்கும் தூசியை ஊதினால்தான் ஓடும்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது படங்கள் அல்ல, மீன்பாடி வண்டி. நான் பெருங்குடியில் குடியிருக்கிறேன், வேலையும் ஓ.எம்.ஆரிலேயே. இங்கே கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நடக்கும் எல்லா 'இன்டீரியர்' வேலைகளுக்கும் பிளைவுட், பிவிசி பைப், சின்டெக்ஸ் டேங்க், ஜிப்சம் போர்டு எல்லாம் வந்து இறங்கும் வண்டிகளில் ஒரு வகை, எந்த கம்பெனியும் தயாரிக்காதது. மூன்று சக்கரம், பலகை அடித்த ஒரு தட்டு, எங்கேயோ கழற்றிய டூ-வீலர் இன்ஜின். நம்பர் பிளேட் கிடையாது. மிதிக்கிற ட்ரைசைக்கிளாகப் பிறந்து, பிறகு இன்ஜின் முளைத்தது. காசிமேட்டில் மீன் ஏற்றியதால் 'மீன் பாடி' என்று ஆகி, மீனை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நகரம் முழுக்கப் பரவியது. 'பாடி' என்பது பஸ் பாடி, லாரி பாடியில் வரும் அதே ஆங்கிலச் சொல்தான். முதல்முறை கேட்பவர்கள் மீனைப் பற்றிப் பாட்டுப் பாடும் வண்டி என்று நினைத்தால் தப்பில்லை. அது போடும் சத்தம் அப்படி.

கழித்துக்கட்டிய பாகங்களிலிருந்து வீட்டுக் கொல்லையில் வண்டி செய்வது என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருவது அமெரிக்க ஹாட் ராட். 1932இல் ஃபோர்டு கம்பெனி மலிவான வி-8 இன்ஜினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில வருஷங்களில் அவை பழைய கார்களாகக் கைமாறத் தொடங்கியபோது, கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றையும் இன்னும் பழைய மாடல் டி, மாடல் ஏ கார்களையும் வாங்கி, மட்கார்டைக் கழற்றி, பானெட்டைக் கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, உடைசல் யார்டில் கிடைத்ததையெல்லாம் பொருத்தினார்கள். முரோக் மாதிரியான வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிப்போய் எவ்வளவு வேகம் போகிறது என்று பார்த்தார்கள். 1937இல் அதற்கு ஒரு சங்கமே வந்தது. போர் முடிந்து, ராணுவத்தில் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் திரும்பிவந்ததும் இது பெரிய அலையானது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை தொடங்கியது.

இந்த உலகத்தை முதலில் இலக்கியமாகப் பார்த்தவர் டாம் வுல்ஃப். 1963இல் 'எஸ்கொயர்' பத்திரிகைக்காக கஸ்டம் கார் செய்பவர்களைப் பார்க்கக் கலிஃபோர்னியா போனார். திரும்பிவந்து உட்கார்ந்தால் கட்டுரை வரவில்லை. கெடு முடிகிறது. குறிப்புகளையாவது அனுப்பு, வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று ஆசிரியர் பைரன் டோபெல் சொல்ல, வுல்ஃப் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவருக்குக் கடிதமாகவே தட்டி அனுப்பினார். டோபெல் மேலே இருந்த விளிப்பை அடித்துவிட்டு மீதியை அப்படியே அச்சேற்றினார். மட்கார்டு கழற்றிய கார் மாதிரி, முன்னுரை கழற்றிய கட்டுரை. ஜார்ஜ் பாரிஸ், எட் ராத் போன்ற ஆட்களின் வேலையைச் சிற்பத்துக்கும் நவீன ஓவியத்துக்கும் பக்கத்தில் வைத்து, அதே கௌரவத்தோடு பேசியது. அந்தப் பையன்கள் கலை செய்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தது கார், அவ்வளவுதான் வித்தியாசம் என்ற வாதத்தை வுல்ஃப் அடித்துச் சொன்னார்.

எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். ஆனால் வுல்ஃபின் கண் பெயிண்டிலேயே நிற்கிறது. கோடு, வளைவு, மினுக்கு. வெல்டிங் அவருக்குத் தெரிவதில்லை. கலை என்று நிரூபிக்கும் அவசரத்தில், பார்வைக்கு விழுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மீன்பாடி வண்டிக்கு அவரைக் கூட்டிவந்தால் என்ன எழுதியிருப்பார்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதில் பெயிண்ட் இல்லை. எங்காவது ஓரத்தில் எலுமிச்சை மிளகாய் தொங்கும், அல்லது தலைவர் படம்.

ஹாட் ராட்டுக்கும் மீன்பாடிக்கும் நடுவில் ஒரு தலைகீழ் உறவு இருக்கிறது. ஹாட் ராட் கழித்தல் கணக்கு. எடையைக் குறை, வேகம் கூடும். மீன்பாடி கூட்டல் கணக்கு. வேகம் யாருக்கு வேண்டும், இன்னும் நாலு மூட்டை ஏறுமா? இரண்டுமே உடைசலில் பிறந்தவை. ஒன்று ஆசையின் வண்டி, மற்றது வாடகையின் வண்டி. உலக இலக்கியத்தில் முன்னதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

எங்கள் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறை. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், காரணம் போகப் போகப் புரியும். கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி செய்வதுதான் போர்டில் எழுதியிருக்கும் தொழில். பின்பக்கம் மீன்பாடி வேலையும் நடக்கும். அந்த அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும், "இன்னா சார், வண்டி வாங்கப் போறியா, புடிச்சிக் குடுக்கப் போறியா?" என்றார். இரண்டும் இல்லை என்று நம்பவைக்கச் சில டீ ஆனது.

எந்த இன்ஜின் நல்லது என்று கேட்டேன். "புல்லட்டு கெடச்சா ராஜா சார். ஆனா புல்லட்டெல்லாம் இப்போ உங்கள மாதிரி ஆளுங்க வாங்கிட்டுப் போய்ட்றாங்க. தொடச்சி வச்சி ஃபோட்டோ எடுக்க." நான் புல்லட் வைத்திருப்பவன் இல்லை என்றாலும் அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. திருவொற்றியூரில் செய்த பழைய 350க்கு 346 சிசி. சிலிண்டர் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. குறுக்களவைவிட ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும் இந்த மாதிரி இன்ஜின்கள் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கொடுக்கும். சௌராஷ்டிராவில் 'ச்சகடா' என்று சொல்லும் மூன்று சக்கர வண்டிக்கும் ஆரம்பத்தில் இதைத்தான் வைத்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே பதில்.

புல்லட் கிடைக்காவிட்டால்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பைக் இன்ஜினைவிடப் பழைய ஸ்கூட்டர் இன்ஜின் மேல் என்றார். ஏன் என்றால், "அதுல ஃபேன் இருக்கு சார்." யோசித்துப் பாருங்கள். பைக் இன்ஜின் காற்றில் குளிர்வது. வண்டி வேகமாகப் போனால்தான் காற்று. முதுகில் அரை டன் ஏற்றிக்கொண்டு ராஜீவ் காந்தி சாலை சிக்னலில் முதல் கியரில் ஊர்ந்தால் ஏது காற்று? பழைய ஸ்கூட்டரில் இன்ஜின் மூடிய கூட்டுக்குள் இருப்பதால், ஃபிளைவீலோடு சேர்ந்தே ஒரு ஃபேன் சுற்றும். வண்டி நின்றாலும் இன்ஜின் சுற்றுகிற வரைக்கும் காற்று வரும். அதைச் செய்த கம்பெனி யோசித்தது மூடிய கூட்டைப் பற்றி. இந்த அண்ணன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஊர்கிற பாரத்துக்கான விடையை. புதுப்பேட்டைச் சந்தில் ஒரே விலைக்குக் கிடக்கும் இரண்டு இன்ஜின்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு தீர்ப்பு இருக்கிறது.

அடுத்தது கியர். பைக்கின் முன் பல்சக்கரத்தில் 14 பல், பின்னால் 42 என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று. அது இரண்டு பேரை இழுக்கப் போதும். அரை டன்னுக்குப் போதாது. அதனால் நடுவில் ஒரு தண்டு வைத்து, 14க்கு 28, அங்கிருந்து மறுபடி 14க்கு 42 என்று இரண்டு செயினாக்கினால் ஆறுக்கு ஒன்று ஆகிவிடும். வேகம் பாதி, இழுவை இரண்டு மடங்கு. இன்ஜினைத் தொடவே இல்லை. இரண்டு சக்கரத்துக்குச் சேர்த்து ஓட்டம் கொடுத்தால் திருப்பத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றியாக வேண்டும், அதற்கு டிஃபரன்ஷியல் தேவை. எனவே ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் ஓட்டம். ஒரு பிரச்சினையைத் தீர்க்காமல், அது எழாத மாதிரி வண்டியை வைத்துக்கொள்கிறார்கள். சாஃப்ட்வேரில் இதைச் செய்பவனுக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயர், சம்பளமும் வேறு.

ஃபிரேமில் கழுத்து சேரும் இடத்தில் முக்கோணத் தகடு வைத்து வெல்டு அடித்திருந்தார். தகட்டின் முனைவரை கொண்டுபோகாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருந்தார். கை ஓய்ந்துவிட்டதா என்று கேட்டேன். "வெல்டு விடாது சார். வெல்டுக்குப் பக்கத்துலதான் விடும்." உலோகவியல் பாடத்தில் சூடு பாதித்த பகுதி என்று ஒரு செமஸ்டர் படித்தது இதுதான். அவர் அதை விட்டுப்போன ஃபிரேம்களிலிருந்து படித்திருக்கிறார்.

தமிழில் இந்த வகை வேலைக்கு நம்மிடம் இருக்கும் சொல் ஒப்பேற்றுவது. பேச்சில், ஒப்பேத்துறது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது. அதில் ஒரு சலிப்பும் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும். இந்திக்காரர்களின் 'ஜுகாட்' நம் சொல்லைவிட அதிர்ஷ்டசாலி. தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை மரச் சட்டத்தில் மாட்டிய வடநாட்டு வண்டியின் பெயராகவும் இருந்த சொல் அது, 2012இல் 'ஜுகாட் இன்னோவேஷன்' என்று நிர்வாகவியல் புத்தகத்தின் தலைப்பாகிவிட்டது. குறைவில் நிறைவு காணும் மனநிலை, கார்ப்பரேட்டுகள் கற்க வேண்டிய பாடம், இப்படி. ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் பயிற்சி வகுப்பு நடத்த வருகிறவர்கள் இந்தச் சொல்லைப் போடாமல் போவதில்லை. கீழே லாபியில் சின்டெக்ஸ் டேங்க் இறக்குகிறவரை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒப்பேற்றல் என்று இகழ்வதும் ஜுகாட் என்று புகழ்வதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே இந்த வேலையை ஒரு மனநிலையாகப் பார்க்கின்றன. க்ளோட் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் இதற்கு ஒரு தத்துவ உருவமே கொடுத்தார். கையில் கிடைத்ததை வைத்துச் செய்கிறவன் ஒரு பக்கம், திட்டம் போட்டுப் பொருளைத் தருவித்துச் செய்யும் இன்ஜினியர் இன்னொரு பக்கம். புராணச் சிந்தனையை விளக்க அவருக்கு அந்த உவமை தேவைப்பட்டது, சரி. ஆனால் இன்ஜினியர் என்று பட்டம் வாங்கிய எவரும் அப்படித் தருவித்துச் செய்து நான் பார்த்ததில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதி விட்டுப்போன ஒரு மாட்யூலை இன்னொன்றோடு ஓட்டவைப்பதுதான் என் பிழைப்பும். அந்த அண்ணனுக்கும் எனக்கும் வித்தியாசம், என்னுடையது விட்டுப்போனால் யாருடைய காலும் உடையாது.

இந்த இடத்தில் வெகுதூரம் உதவும் நூல் ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு நாவல் (1974). கதைசொல்லியின் நண்பன் ஜான் புது பிஎம்டபிள்யூ பைக் வைத்திருக்கிறான். அதன் ஹேண்டில்பார் பிடிப்பு தளர்ந்து வழுக்குகிறது. ஒரு பீர் டின்னை வெட்டி மெல்லிய தகடாக நடுவில் செருகினால் சரியாகிவிடும் என்கிறான் கதைசொல்லி. ஜானுக்கு முகம் சுருங்குகிறது. அவனுக்கு அது பீர் டின். கதைசொல்லிக்கு அது துருப்பிடிக்காத, மிருதுவான, ஒரே சீரான கனமுள்ள அலுமினியத் தகடு. பெயரைப் பார்ப்பவன், பொருளைப் பார்ப்பவன். பொருத்தும் வேலையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சி நான் வேறெங்கும் வாசித்ததில்லை. கட்டக் பார்க்காததையும் வுல்ஃப் பார்க்காததையும் பிர்சிக் பார்க்கிறார். குறை என்னவென்றால், அது விடுமுறைப் பயணம். ஹேண்டில்பார் வழுக்கினால் போகிற இடத்துக்குத் தாமதமாகப் போவார்கள். அந்தத் தகட்டின் மேல் யாருடைய வாடகையும் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை.

எங்கள் இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் ஒர்க்‌ஷாப் லேப் உண்டு. எந்தப் பிரிவு எடுத்தாலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் உட்பட, இரும்புத் துண்டை அரத்தால் ராவி இன்னொரு துண்டோடு சேர்க்க வேண்டும். சேர்த்ததை ஆசிரியர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மார்க் குறையும். பொருத்தம் என்ற சொல்லுக்கு நான் தெரிந்துகொண்ட முதல் அர்த்தம் அது (ஜாதகப் பொருத்தமெல்லாம் பிறகுதான்). உடைசலில் செய்த வண்டிகளைப் பற்றிய எழுத்துக்கும் படத்துக்கும் அதே சோதனையை வைக்கலாம். இணைப்பை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறதா? எந்தப் பாகம் எதோடு சேர்ந்தது, எங்கே இடுக்கு விழுந்தது, அந்த இடுக்கின் விலையை யார் கொடுக்கிறார் என்று சொல்கிறதா?

அந்த விலை சின்ன விலை இல்லை. மீன்பாடி வண்டியை ரசித்து எழுத உட்காரும்போது இதுதான் கையை இழுக்கிறது. இரண்டு பேரோடு 250 கிலோவை நிறுத்தச் செய்த டிரம் பிரேக், 600 கிலோவை நிறுத்த வேண்டும். சிலதில் அதுவும் இல்லை, சைக்கிள் பிரேக்தான். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் முனையில் ஒரு சிவப்புத் துணி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி நாலு சக்கரத்துக்குக் குறைவாகவும் 25 சிசிக்கு மிகாமலும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. அதைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும், லைசென்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். இதற்கு ஒன்றும் கிடையாது. இடித்துவிட்டால், இடிபட்டவர் இழப்பீடு கேட்க ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. ஓட்டுகிறவரிடமும் இல்லை. ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் என் அழகியலெல்லாம் அபத்தம். ஹாட் ராட் காலத்திலும் இது நடந்தது. தெருவில் பந்தயம் விட்ட பையன்களை 1940களில் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 1951இல் அவர்களே ஒரு தேசியச் சங்கம் வைத்துப் பந்தயத்தைத் தெருவிலிருந்து தனி ஓடுதளத்துக்கு நகர்த்தினார்கள், 1954இல் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தக் காட்டிக்கொடுத்தார்கள். உடைசல் வண்டி பெரிய விளையாட்டாக மாறியது அதனால்தான்.

நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து விலகும்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. மீன்பாடி வண்டியை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவர முயன்றால் ஒரு வேடிக்கை. விலகுவதற்கு அதில் மூலம் என்று ஒன்று கிடையாது. அது முழுக்க முழுக்க மாற்றம்தான். எனவே தடை, பறிமுதல், சில மாதம் அமைதி, மறுபடி ஓட்டம். சென்னையில் இந்தச் சுழற்சியைப் பார்க்காதவர்கள் இல்லை.

வேறு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. ச்சகடாவை ராஜ்கோட்டில் ஒரு கம்பெனி முறைப்படி தயாரித்தது. இன்று அதுல் ஆட்டோ பங்குச் சந்தையில் இருக்கிறது. டெல்லியின் பேட்டரி ரிக்‌ஷாக்கள் சட்டத்துக்கு வெளியே பெருகி, பிறகு 2015இல் சட்டமே திருத்தப்பட்டு உள்ளே வந்தன. இன்ஜினியரிங் மாணவர்களுக்கு பாஹா என்று ஒரு போட்டி நடக்கிறது. ஒரே அளவு சின்ன இன்ஜினைக் கொடுப்பார்கள், மீதி வண்டியை அவர்களே பைப் வளைத்துச் செய்ய வேண்டும். அதில் பிரேக் சோதனை உண்டு. நாலு சக்கரமும் ஒரே சமயத்தில் இறுகி நின்றால்தான் பந்தயத்துக்கு விடுவார்கள். அந்தப் பிள்ளைகள் செய்வதும் பட்டறை அண்ணன் செய்வதும் பெருமளவு ஒரே வேலை. அங்கே பிரேக்கைச் சோதிக்க ஒருவர் நிற்கிறார். இங்கே பிடித்துப் போக ஒருவர் நிற்கிறார்.

இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "பிரேக்க பத்தி எல்லாரும் கேக்குறீங்க சார். லோட பத்தி ஒருத்தரும் கேக்க மாட்றீங்க." குட்டி யானையைக் கூப்பிட்டால் ஒரு நடைக்கு ஆகும் வாடகையும் மீன்பாடிக்கு ஆகும் வாடகையும் எவ்வளவு வித்தியாசம் என்று விரல் விட்டுச் சொன்னார். (டாடா ஏஸை 2005இல் இறக்கியபோது கம்பெனி நினைத்த சின்ன வியாபாரியைவிடவும் சின்ன வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.) ஆறு பிளைவுட், நாலு பைப், இரண்டு தெரு தள்ளி. குட்டி யானைக்கு அது கட்டாது, தலையில் தூக்கிப் போகவும் முடியாது. அந்த இடைவெளியில் ஓடுகிறது இந்த வண்டி. அந்த பிளைவுட் எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்தது. என் அலுவலகத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி.

தமிழில் இதை எழுத ஆள் இல்லையா? வண்டி ஓட்டுகிறவர்களை நாம் எழுதியிருக்கிறோம். ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலக'த்தில் லாரிக்கார துரைக்கண்ணு இருக்கிறார், 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வில் ரிக்‌ஷாக்காரன் இருக்கிறான். அவர்களுடைய பேச்சும் கோபமும் மனசும் நமக்குத் தெரியும். அவர்கள் வண்டியின் செயின் எத்தனை பல் என்று தெரியாது. சினிமா அதைவிட மோசம். 'புதுப்பேட்டை' என்ற பெயரிலேயே 2006இல் ஒரு படம் வந்தது. செல்வராகவனின் சிறந்த படம் என்றுகூட நான் வாதிடுவேன். ஆனால் கூவத்தின் கரையில் ஒரு காரை எடுத்துக்கொண்டு போட்டால் கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு கடை, ஆக்சில் ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை என்று பிரித்து அடுக்கிவிடும் அந்தச் சந்தின் கைகளைத் தேடினால் அதில் கிடைக்காது. நகரத்தின் கீழ்த்தட்டு என்றால் நமக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. கிரீஸ் போதவில்லை. ஜி.டி. நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிய கதையை மட்டும் எல்லாப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்கிறோம். அவர் பின்னால் ஜி.டி. நாயுடு ஆனதால் அந்தப் பிரித்தல் மேதைமை. ஆகாதவர்கள் பிரித்தால் அது ஒப்பேத்தல்.

நான் கேட்பது கரிசனம் நிறைந்த இன்னொரு கதையை அல்ல. கரிசனம் நிறைய இருக்கிறது. ஸ்கூட்டர் இன்ஜினை ஏன் எடுத்தார், வெல்டை ஏன் முனைக்கு முன்னால் நிறுத்தினார், பிரேக்கை ஏன் அப்படியே விட்டார், மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் எழுத்தைக் கேட்கிறேன். மூன்றாவதைச் சொல்லாவிட்டால் ஜுகாட் புத்தகம் ஆகிவிடும். முதல் இரண்டைச் சொல்லாவிட்டால் போக்குவரத்துப் போலீஸ் அறிக்கை.

சீக்கிரம் எழுதினால் நல்லது. ஏனென்றால் உடைசலே மாறிக்கொண்டிருக்கிறது. 2021இல் வாகனக் கழிப்புக் கொள்கை வந்தபிறகு பழைய வண்டிகள் முறைப்படி நசுக்கப்படும் இடங்கள் வருகின்றன. நசுக்கிய இரும்பில் பல்சக்கரம் கிடைக்காது. இன்னொரு பக்கம் காயலான் கடைகளுக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன. பல மாடல்களில் பேட்டரியும் கன்ட்ரோலரும் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக்கொள்ளும். தெரியாத ஆள் என்றால் மோட்டாருக்குக் கரண்ட் விடாது. அந்தக் கேள்வி-பதிலை எழுதுகிறவர்கள் எங்களைப் போல ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024இல் ஃபோன் மாதிரியான சாதனங்களில் இப்படிப் பாகங்களைப் பூட்டிவைப்பதற்குத் தடை போட்டது. இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது, தடை எதுவும் இல்லை. பிஸ்டனுக்கு யார் முதலாளி என்று தெரியாது, எந்த உடம்பில் வைத்தாலும் ஏறி இறங்கும். இந்த மோட்டாருக்குத் தெரியும்.

போன மாதம் அண்ணன் ஒரு சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார். நடுவில் மோட்டார், அதிலிருந்து மூன்று கனமான ஒயரும் ஐந்து மெல்லிய ஒயரும் வெளியே தொங்கின. "இத எப்டி சார் எழுப்புறது?" மூன்று ஒயர் ஓட்டத்துக்கு, ஐந்து ஒயர் சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்வதற்கு என்றேன். அதோடு வந்த கன்ட்ரோலர் இனி உதவாது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொதுவான கன்ட்ரோலர் கிடைக்கும், அது யார் என்று கேட்காது. கனமான ஒயரின் வரிசை தப்பினால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றவோ, சுற்றாமல் உதறவோ செய்யும், மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். அவர் ஒரு சாக்பீஸ் எடுத்து, நான் சொன்னதைத் தரையில் கோடாகப் போட்டுக்கொண்டார். பிறகு சக்கரத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அதில் டிஸ்க் பிரேக்குக்கான ஆறு துளைகள் இருந்தன.

"இதுக்கு டிஸ்க் தனியா கெடைக்குமா சார்?" என்றார்.